ஹல்தூரா என்றால் என்ன? ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள்

ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கும் யாரும் சீக்கிரமே ஒரு சொல்லில் இடறி நிற்பார்கள்: ஹல்தூரா. அகராதியில் முதல் பொருள், 'முக்கிய வேலைக்கு வெளியே, கைக்காசுக்காகச் செய்யும் வேலை'. அதற்கு அடுத்த வரியிலேயே இரண்டாவது பொருள், 'அக்கறையில்லாமல் செய்த மட்டமான வேலை'. எபிரேய அகராதியைத் திறந்தாலும் இதே சொல், இதே இரண்டு பொருள்தான். நான் முதலில் பார்த்தபோது அச்சுப்பிழையோ என்றுகூட நினைத்தேன். பக்க வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் மட்டமாகவா செய்கிறார்கள்? அப்படியென்றால் அந்தச் சொல்லே ஓர் அவதூறு அல்லவா?

இந்தச் சொல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பாதியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 'சைடு வேலை, அவ்வளவுதான்' என்கிறார் ஒருவர். 'சோவியத் காலத்துச் சோம்பேறித்தனத்துக்குப் பெயர்' என்கிறார் இன்னொருவர். இரண்டாவது பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கும். பசியில் வாடிய கலைஞர்களும், நாலு காசு கூடுதலாகச் சம்பாதிக்க இரவெல்லாம் விழித்த தொழிலாளிகளும் புழங்கிய சொல் அது. சோம்பேறிகளுக்கு இரண்டாவது வேலை எதற்கு?

உச்சரிப்பை முதலில் சரிசெய்துகொள்வோம். முதல் எழுத்தை நம் 'ஹ' போல மென்மையாகச் சொல்லாமல், தொண்டையை லேசாக உரசிக்கொண்டு சொல்ல வேண்டும். அழுத்தம் 'தூ' மேல் விழும்.

தையற்காரரின் பகலும் இரவும்

பழக்கமான ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவோம். ஒரு தையற்காரர். பகலில் தன் பெயர்ப்பலகை தொங்கும் கடையில் கல்யாண ரவிக்கை தைக்கிறார். தோளில் சின்னச் சுருக்கம் விழுந்தாலும் பிரித்து மறுபடி தைக்கிறார். அந்த ரவிக்கையை நாளைக்கு நூறு பேர் பார்ப்பார்கள், 'யார் தைத்தது?' என்று கேட்பார்கள்.

இரவில் அதே மெஷினில் வேறு வேலை. ஒரு கான்ட்ராக்டர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்ட பள்ளிச் சீருடை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. விடிவதற்குள் முப்பது டவுசர் முடிந்தாக வேண்டும். காஜாவின் ஓரத்தில் நூல் பிசிறு நிற்கிறது, ஒரு கால் மற்றதைவிடக் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது. பிரித்துத் தைத்தால் அந்த நேரத்தில் இன்னொரு டவுசர் போய்விடும். போட்டுக் கடத்திவிடுகிறார்.

கையும் ஒன்று, மெஷினும் ஒன்று, திறமையும் மாறவில்லை. ஆனால் பகல் வேலையும் இரவு வேலையும் ஒன்றல்ல. அந்த இரவு வேலையைத்தான் ரஷ்யர் ஹல்தூரா என்பார். கிடைத்த அந்த வேலையும் ஹல்தூராதான், அதிலிருந்து வெளிவந்த கோணல் டவுசரும் ஹல்தூராதான்.

தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வருமானத்தைச் சொல்ல 'மேல்வரும்படி'. தரத்தைச் சொல்ல 'ஏனோதானோ', 'கடமைக்குச் செய்தது', 'ஒப்பேற்றியது'. நாம் பிரித்து வைத்திருப்பதை ரஷ்யமொழி ஒரே முடிச்சில் கட்டிவைத்திருக்கிறது. அந்த முடிச்சு எப்படி விழுந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இழவு வீட்டில் பிறந்த சொல்

ரஷ்யச் சொற்களின் பிறப்பைத் தேடி 1950களில் பேரகராதி ஒன்றை வெளியிட்ட மாக்ஸ் ஃபாஸ்மர், ஹல்தூராவின் வேரை இடைக்கால லத்தீனில் காட்டுகிறார்: 'கார்த்துலாரியும்'. இறந்தவர்களின் நினைவு வழிபாட்டில் பாதிரியார் பெயர் பெயராக வாசிக்கும் பட்டியல் அது. 'கார்-துல்' என்பது 'ஹல்-தூர்' ஆகியிருக்கிறது. கவனித்தால் தெரியும், ரகரமும் லகரமும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கின்றன. இப்படிச் சொல்லுக்குள் எழுத்துகள் இடம் மாறுவதை எழுத்து நிலைமாற்றம் என்பார்கள். தசை சதையானதும், விசிறி சிவிறியானதும் இதே கதைதான்.

இன்னொரு சங்கதி, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த லத்தீன் சொல்லுக்கு அடியில் கிடப்பது தாளைக் குறிக்கும் 'கார்த்தேஸ்' என்ற கிரேக்கச் சொல். நம் வீடுகளில் புழங்கும் 'கடுதாசி' போர்ச்சுகீசியம் வழியாக வந்தது என்பார்கள், அரபு வழியாக என்றும் சொல்வார்கள். எந்த வழியில் வந்தாலும் போய்ச் சேரும் ஊர் அந்தக் கிரேக்கத் தாள்தான். ஹல்தூராவும் கடுதாசியும் தூரத்து உறவு.

சரி, பட்டியல் எப்படிப் பக்க வேலை ஆயிற்று? இறந்தவர் வீட்டில் வழிபாடு நடத்தப் போகும் பாதிரியாருக்குத் தனிக் காணிக்கை உண்டு, துக்கச் சாப்பாடு உண்டு. கூடப் போகும் தேவாலயப் பாடகர்களுக்கும் ஒரு பங்கு. பட்டியலின் பெயர் மெல்ல அந்தச் சடங்குக்கும், பிறகு அங்கே கிடைக்கும் சோற்றுக்கும் காசுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு பொருளின் பெயர் அதையொட்டி இருக்கும் இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வதை நம் இலக்கணம் ஆகுபெயர் என்கிறது. நடந்தது அதுதான்.

அந்தப் பாடகனின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய தேவாலயத்தில் பாடும்போது குழுத்தலைவர் ஒவ்வொரு சுரத்தையும் கவனிக்கிறார். இழவு வீட்டில் யார் சுரம் பார்க்கப்போகிறார்கள்? அழுதுகொண்டிருப்பவர்களுக்குப் பாட்டு நடந்தால் போதும். சீக்கிரம் முடித்தால் அடுத்த தெருவில் இன்னொரு வீடு இருக்கிறது. முடிச்சின் முதல் சுற்று இங்கேயே விழுந்துவிட்டது.

மாவுக்கும் மீனுக்கும் நடித்த நாட்கள்

பாடகர்களின் பேச்சிலிருந்து சொல் நாடகக்காரர்களின் பேச்சுக்கு வந்தது. தன் சொந்தக் கம்பெனிக்கு வெளியே, காசுக்காக ஒரு நாள் போய் நடித்துவிட்டு வருவது ஹல்தூரா. அதுவரை அது தொழிலுக்குள் புழங்கிய குழூஉக்குறிதான். ஊரெல்லாம் பேசும் சொல்லாக அதை ஆக்கியது 1917 புரட்சியும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும்.

1918 முதல் 1921 வரை மாஸ்கோவிலும் பெத்ரோகிராதிலும் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பசி. காசுக்கு மதிப்பில்லை, சம்பளத்தைக் கொண்டுபோனால் ஒன்றும் வாங்க முடியாது. உணவுப் பங்கீடு கிடைத்த இடங்களோ செம்படைப் பிரிவுகளும் தொழிற்சாலை மன்றங்களும். அவர்களுக்குக் கலை நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன, கலைஞர்களுக்குச் சாப்பாடு தேவைப்பட்டது.

ஓர் ஓபரா பாடகரை மனதில் நிறுத்திக்கொள்வோம். பெயர் வேண்டாம், அந்த நிலையில் எத்தனையோ பேர் இருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. டிராம் ஓடவில்லை, பனியில் நடந்தே படைமுகாமுக்குப் போகிறார். அடுப்பெரிக்க விறகில்லாத மண்டபம். கேட்பவர்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட வாயைத் திறந்தால் ஆவி பறக்கிறது. பியானோவில் இரண்டு கட்டை பேசவில்லை. ஒத்திகை கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த இரண்டு பாட்டைப் பாடுகிறார், மேல்ஸ்தாயி வரும் இடத்தைக் கீழே இறக்கிக் கடந்துவிடுகிறார். குரலைக் காப்பாற்ற வேண்டுமே, இன்னும் இரண்டு இடம் பாக்கி இருக்கிறது. கைத்தட்டல். பக்கத்து அறையில் ஒரு பையில் மாவும், செய்தித்தாளில் சுற்றிய உப்பு மீனும் கொடுக்கிறார்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மன்றத்துக்கு ஓட்டம்.

அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் குழந்தைகள் அந்த மாவுக்குக் காத்திருக்கின்றன. ஆனால் அன்றைக்கு அந்தச் சிப்பாய்கள் கேட்டது அவருடைய உண்மையான பாட்டும் அல்ல. இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே அந்தச் சொல் சுமக்கிறது.

போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. 1920களில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பத்திரிகை கிளம்பியது. பத்திரிகைகளுக்குப் பக்கம் நிரப்ப எழுத்து வேண்டும். இல்ஃபும் பெத்ரோவும் 1928இல் எழுதிய 'பன்னிரண்டு நாற்காலிகள்' நாவலில் லாபிஸ் என்றொரு கவிஞன் வருகிறான். கவ்ரீலா என்ற ஒரே கதாநாயகனை ஒரு பத்திரிகைக்கு ரொட்டி சுடுபவனாகவும், இன்னொன்றுக்குத் தபால்காரனாகவும் மாற்றி மாற்றி எழுதி விற்பான். கடல் அலை 'வேகமான ஜாக்கி' போல விழுந்தது என்றும் எழுதிவிடுவான், வண்டியைத் தூக்கும் ஜாக்கி என்றால் என்னவென்றே தெரியாமல். ஹல்தூரா செய்கிறவனுக்கு, அதாவது 'ஹல்தூர்ஷிக்'குக்கு, இன்றுவரை ரஷ்ய வாசகர்களின் நினைவில் முகம் கொடுப்பது இந்த லாபிஸ்தான்.

இதுவரை வந்த பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். இறந்தவர் பட்டியல், இழவு வீட்டுக் காணிக்கை, பாடகர்களின் பக்க வருமானம், நடிகர்களின் பக்க வருமானம், கடைசியில் எந்தத் தொழிலிலும் அவசரமாக ஒப்பேற்றிய வேலை. முதலில் வந்தது வருமானம் என்ற பொருள், அதிலிருந்து கிளைத்ததுதான் மட்டம் என்ற பொருள்.

அரைமனது எங்கிருந்து வருகிறது?

பக்க வேலை ஏன் அரைமனது வேலையாகிறது? 'களைப்பு' என்பது உடனே வரும் பதில். அது ஒரு காரணம்தான், ஆனால் முக்கியக் காரணமல்ல. பகலில் களைத்த அதே தையற்காரர் தன் மகளுக்கு இரவில் பாவாடை தைத்தால் பிசிறு இருக்காது.

வேலையின் தரம் மூன்று விஷயங்களில் தொங்குகிறது என்பது என் எண்ணம். யாருடைய பெயர் அதன்மேல் இருக்கிறது? வேலை நன்றாக இருக்கிறதா என்று சொல்லத் தெரிந்தவர் யார்? கூலி எதை அளந்து கொடுக்கப்படுகிறது? பகல் வேலையில் இந்த மூன்றும் செய்கிறவரைப் பிடித்து நிறுத்துகின்றன. பலகையில் அவர் பெயர். கண்ணாடி முன் நின்று குறை சொல்லும் வாடிக்கையாளர். பிடித்திருந்தால் மறுபடி வருவார், இல்லையென்றால் வரமாட்டார்.

ஹல்தூராவில் மூன்றும் அவிழ்ந்துவிடுகின்றன. சீருடையில் தையற்காரர் பெயர் கிடையாது. போட்டுக்கொள்ளப் போகும் பையன் கூலி கொடுப்பவன் அல்ல, கூலி கொடுக்கும் கான்ட்ராக்டர் போட்டுக்கொள்ளப் போகிறவர் அல்ல. அளக்கப்படுவது எண்ணிக்கை மட்டும்.

இரண்டாவது விஷயத்துக்குப் பொருளியலில் ஒரு பெயர் உண்டு: தகவல் சமமின்மை. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத நிலை. படைமுகாமின் சிப்பாய்க்கு அந்தப் பாட்டில் ஒரு மேல்ஸ்தாயி இருக்க வேண்டும் என்பதே தெரியாது. பாடகருக்குத் தெரியும். ஹல்தூராவின் உயிர் இந்த இடைவெளியில் இருக்கிறது. அதனால்தான் வேலை தெரியாதவன் கெடுத்ததை ஹல்தூரா என்று சொன்னால் சரியாகப் பொருந்துவதில்லை. நன்றாகச் செய்யத் தெரிந்தும் செய்யாமல் விட்டதுதான் அசல் ஹல்தூரா. புதிதாகப் படிப்பவர்கள் அதிகமாகத் தவறவிடும் நுணுக்கம் இது.

முழுநேர வேலையிலும் ஹல்தூரா

அப்படியென்றால், அந்த மூன்று கயிறும் அவிழ்ந்த இடம் முழுநேர வேலையாக இருந்தால்? அங்கேயும் ஹல்தூரா வரும். வந்தது.

சோவியத் தொழிற்சாலைகள் மாதத் திட்டத்தில் ஓடின. இத்தனை ஜோடி காலணி, இத்தனை தொலைக்காட்சிப் பெட்டி என்று எண்ணிக்கை மேலிருந்து வரும். மாத ஆரம்பத்தில் உதிரிபாகம் வந்து சேராது, ஆட்கள் கைகட்டி நிற்பார்கள். கடைசிப் பத்து நாளில் எல்லாம் வந்து குவியும். இரவு பகலாக வேலை செய்து எண்ணிக்கையை எட்டிப் பிடிப்பார்கள். இந்தக் கடைசி நேரப் பாய்ச்சலுக்கு 'ஷ்துர்மோவ்ஷினா' என்று பெயர், கோட்டை மேல் பாய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. விவரம் தெரிந்தவர்கள் கடையில் பொருளைத் திருப்பி, தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குவார்கள். மாதக் கடைசி என்றால் வைத்துவிடுவார்கள். தரத்தைத் தூக்கிப்பிடிக்க 1967இல் அரசே ஐங்கோண வடிவில் 'தர முத்திரை' ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் திட்டம் எண்ணிக்கையைத்தான் தொடர்ந்து கேட்டது.

எனவே 'ஹல்தூரித்', அதாவது ஹல்தூரா செய்தல் என்ற வினைச்சொல், முழுநேர உத்தியோகத்தையும் பார்த்துச் சொல்லப்பட்டது. ஆசிரியர் பாடத்தை ஒப்பேற்றினாலும் அதே சொல்தான், கொத்தனார் பூச்சை ஒப்பேற்றினாலும் அதே சொல்தான். பக்க வேலை என்ற மூலப் பொருள் அங்கே மறைந்தே போய்விட்டது.

இதற்கு நேர்மாறான காட்சியும் அதே நாட்டில் இருந்தது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அடுக்குமாடி வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. குடியிருப்பு அலுவலகத்தில் எழுதிவைத்தால் குழாய் ரிப்பேர்காரர் ஒரு வாரம் கழித்து வந்து, துணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போவார். அவரையே தனியாகக் கூப்பிட்டு, 'வேலை முடிந்ததும் அரை லிட்டர் வோட்கா' என்று பேசிக்கொண்டால்? வாஷரை மாற்றுவார், மரையில் சணல் நார் சுற்றி இறுக்குவார், திறந்து மூடிக் காட்டுவார். அவர் மேஜையில் உட்கார்ந்து குடித்து முடித்துப் போன பிறகும் ஒரு சொட்டு விழாது. பக்கத்து வீட்டுக்காரி நாளைக்குக் கூப்பிட வேண்டுமே. இங்கே பக்க வேலைதான் முழுமனது வேலை. அவிழ்ந்த கயிறுகள் இந்த வீட்டில் மறுபடி கட்டப்பட்டுவிட்டன.

கூடப்பிறந்த சொற்கள்

இப்படி வேறுவேறு விதமான பக்க வேலைகள் இருந்ததால் ரஷ்யமொழி அவற்றுக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது. கோடையில் குழுவாகக் கிராமங்களுக்குப் போய் மாட்டுக்கொட்டகையும் கிடங்கும் கட்டிக்கொடுத்து, ஒரே பருவத்தில் பல மாதச் சம்பளத்தைக் கொண்டுவருவது 'ஷபாஷ்கா'. விடியலிலிருந்து இருட்டும்வரை உழைப்பார்கள், பொறியாளர்களும் விஞ்ஞானிகளும்கூட விடுமுறை போட்டுவிட்டுப் போனார்கள். 1980 வாக்கில் சராசரி மாதச் சம்பளம் 170 ரூபிள் அளவில் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஓட்டம் புரியும். ஷபாஷ்காவை யாரும் அரைமனது வேலை என்று சொல்வதில்லை.

அரசு லாரியை நிறுத்தித் தனியாருக்குச் சரக்கு ஏற்றினால் அது 'இடது' வருமானம், செய்பவர் 'லெவாக்'. 'கலீம்' என்பது துருக்கிய மொழிகளில் பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசம், அதுவே ரஷ்யப் பேச்சில் கைக்காசு ஆயிற்று. நிறமில்லாத, மரியாதையான சொல் வேண்டுமென்றால் 'போத்ரபோத்கா'. உபரி வேலை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. தனியாளாகக் கைத்தொழில் செய்து சம்பாதிக்க வழிவிட்ட சட்டம் 1986 நவம்பரில் இயற்றப்பட்டு 1987 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஒளிந்து செய்யவேண்டிய தேவை குறைந்தது, சொற்கள் மட்டும் போகவில்லை.

ஆக, ஹல்தூரா என்பது பக்க வேலைகளில் ஒரு வகை மட்டுமே. எல்லாப் பக்க வேலைக்கும் அதைப் போடுவது, எல்லாப் பூவையும் மல்லிகை என்பது போலாகிவிடும்.

எபிரேயத்துக்குப் போனபோது

1880களிலிருந்தே ரஷ்யப் பேரரசின் பகுதிகளிலிருந்து யூதர்கள் பாலஸ்தீனத்துக்குக் குடியேறினார்கள். பேச்சுமொழியாக எபிரேயம் மறுபிறவி எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. வேதச் சொற்கள் நிறைய இருந்தன, அடுக்களைக்கும் கடைத்தெருவுக்குமான சொற்கள் குறைவு. ரஷ்யத்திலிருந்தும், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய இத்திஷ் மொழியிலிருந்தும் அவை வந்து நிரம்பின. ஹல்தூராவும் தன் 'தூ' அழுத்தத்தோடு வந்து சேர்ந்தது.

வந்த சொல்லை எபிரேயம் விருந்தாளியாக வைத்திருக்கவில்லை. அந்த மொழியில் வினைச்சொற்கள் மெய்யெழுத்து வேர்களிலிருந்து பிறக்கும், உயிரெழுத்துகள் அச்சுக்குத் தகுந்தபடி மாறும். ஹல்தூராவிலிருந்து ஹ-ல்-த்-ர் என்ற நான்கு மெய்களை உருவி 'லெஹால்தேர்' என்று வினையே செய்துவிட்டார்கள். செய்பவர் 'ஹல்தூரிஸ்ட்'.

பொருளிலும் ஒரு சாய்வு வந்தது. இஸ்ரேலில் இசைக்கலைஞர்களிடையே ஹல்தூரா என்றால் முதலில் நினைவுக்கு வருவது கல்யாணக் கச்சேரி. அதில் இழிவு குறைவு. தன் சொந்த இசைக்குழுவில் ஜாஸ் வாசிப்பவர் வியாழக்கிழமை இரவு கல்யாண மண்டபத்தில் கேட்கும் பாட்டை வாசித்துவிட்டு வாடகைக்குக் காசு தேற்றுகிறார். அதை மறைப்பதும் இல்லை. 1990களில் சோவியத் நாடுகளிலிருந்து ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வந்து இறங்கியபோது, 'கையில் வயலின் பெட்டி இல்லாமல் விமானத்திலிருந்து இறங்குபவர் பியானோ கலைஞர்' என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அத்தனை பேருக்கும் இசைக்குழுக்களில் இடமில்லை. கல்யாணங்களிலும் தெருமுனையிலும் வாசித்துத்தான் பலர் குடித்தனத்தைத் தூக்கி நிறுத்தினார்கள்.

மட்டமான வேலை என்ற பொருளும் எபிரேயத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே அதற்குப் போட்டி அதிகம். 'பார்த்தாச்' என்று போலந்திலிருந்து வந்த ஒரு சொல் உண்டு. 'ஹஃபீஃப்' என்ற அரபுச் சொல்லுக்கு 'லேசானது' என்று பொருள், அதன் வாலில் ரஷ்ய 'நிக்' ஒட்டி, மேம்போக்காக வேலை செய்பவரை 'ஹஃபீஃப்நிக்' என்பார்கள்.

கடனுக்குப் பதில் கடன் போல ஒன்றும் நடந்திருக்கிறது. மேலே சொன்ன ஷபாஷ்கா 'ஷபாஷ்' என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது. வேலை முடிந்தது, கருவியைக் கீழே வை என்று அதற்குப் பொருள். அதன் வேர் ஓய்வுநாளைக் குறிக்கும் எபிரேய 'ஷபாத்'. ஓய்வுநாளின் பெயர் ரஷ்யாவில் ஓய்வில்லாத வேலைக்குப் பெயராகிவிட்டது.

பேச்சில் எப்படிப் பிரித்தறிவது?

இரண்டு பொருளில் எது என்பதைப் பக்கத்தில் வரும் வினை காட்டிக்கொடுக்கும். ரஷ்யத்தில் ஹல்தூரா 'மாட்டியது', ஹல்தூராவை 'எடுத்தேன்', ஹல்தூராவுக்குப் 'போனான்' என்றால் அது பக்க வேலை. 'இது ஹல்தூரா' என்று எதையாவது சுட்டிச் சொன்னால், அல்லது ஹல்தூராவை 'ஓட்டுகிறான்' என்றால், அது மட்டமான வேலை. எபிரேயத்தில் 'இன்று இரவு எனக்கு ஒரு ஹல்தூரா இருக்கிறது' என்பவர் கச்சேரிக்குப் போகிறார். புதிதாக ஒட்டிய குளியலறை ஓட்டைத் தட்டிப் பார்த்து 'ஹல்தூரா' என்பவர் மேஸ்திரிக்கு போன் போடப் போகிறார்.

ஒரு எச்சரிக்கை. ரஷ்யர் தன் பக்க வேலையைத் தானே ஹல்தூரா என்று சொல்லலாம். அதிலும் 'ஹல்தூர்கா' என்று செல்லமாகக் குறுக்கிச் சொன்னால், கிடைத்த சில்லறை வேலையில் அவருக்குச் சந்தோஷம் என்று அர்த்தம். ஆனால் அவர் செய்து முடித்த வேலையைப் பார்த்து நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். அப்போது அது இரண்டாவது பொருளில் மட்டுமே காதில் விழும்.